நியூட்ரானைக் கேமரா பார்ப்பதில்லை: சிண்டிலேட்டர், வேகக் கேமரா, நடுவில் நடக்கும் கணக்கு

"நியூட்ரான் கேமரா" என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டால் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று, இது எக்ஸ்ரேயின் இன்னொரு வகை. அல்லது, நியூட்ரானை நேராகப் படம் பிடிக்கும் கருவி ஒன்று வந்துவிட்டது. இரண்டுமே சரியில்லை. இதில் இருக்கும் கேமரா நீல ஒளியைப் பார்க்கும் கேமராதான். நியூட்ரான் கற்றை அதன் பக்கமே வருவதில்லை, வரவிடவும் மாட்டார்கள். நியூட்ரான் சிண்டிலேட்டர் என்ற ஒரு திரைக்குள் போய் முடிந்துபோகிறது, முடிந்த இடத்தில் ஒரு சின்ன மினுக்கு எழுகிறது, அந்த மினுக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கு லென்ஸுக்குள் நுழைகிறது, அதை வைத்துக் கணிப்பொறி பின்னோக்கிக் கணக்குப் போட்டு "இந்த இடத்தில், இந்த நேரத்தில் ஒன்று வந்தது" என்று சொல்கிறது. கடந்த பத்தாண்டு சொச்சத்தில் பெரிதாக மாறியிருப்பது இந்தக் கடைசிப் படிதான், திரை கிட்டத்தட்ட அதே பழைய திரை. அந்த ஒரு மாற்றத்தால் என்ன கிடைத்தது என்று புரிய அடியிலிருந்து வரவேண்டும்.

## வெப்ப நியூட்ரான் என்றால் எது?

1932-ல் ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்த நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. துகள்களை உணரும் கருவி எதுவானாலும் கடைசியில் நம்பியிருப்பது மின்னூட்டத்தைத்தான்: மின்னூட்டமுள்ள துகள் ஒரு பொருளுக்குள் ஓடும்போது அங்கிருக்கும் எலெக்ட்ரான்களைத் தட்டிவிடும், தட்டிவிட்டதை நாம் எண்ணுவோம். நியூட்ரான் எலெக்ட்ரான்களைச் சட்டை செய்யாமல் போய்விடும். அணுக்கருவில் நேராகப் போய் முட்டினால்தான் அது வந்ததே தெரியும்.

அணுப்பிளவில் பிறக்கும் நியூட்ரானின் ஆற்றல் சராசரியாக 20 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அதைத் தண்ணீர், கனநீர், கிராஃபைட் போன்ற தணிப்பான்களுக்குள் விட்டால் மோதி மோதி வேகம் இழந்து, அறை வெப்பநிலையில் இருக்கும் அணுக்களோடு சமநிலைக்கு வந்துவிடும். அப்போது அதன் ஆற்றல் வெறும் 0.025 எலெக்ட்ரான் வோல்ட், வேகம் நொடிக்கு 2200 மீட்டர், அலைநீளம் 1.8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). இதுதான் வெப்ப நியூட்ரான். 1.8 ஆங்ஸ்ட்ராம் என்பது படிகங்களில் அணு அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியின் அளவு, அது பின்னால் முக்கியமாகும்.

## இதற்காக இவ்வளவு சிரமம் ஏன்?

எக்ஸ்ரே எலெக்ட்ரான்களோடு வேலை செய்கிறது. அணுவில் எலெக்ட்ரான் கூடக்கூட அது அதிகம் தடுக்கப்படும், அதனால் ஈயம் கருப்பாகவும் தண்ணீர் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரியும் தெரியும். நியூட்ரானுக்கு இந்த வரிசையே கிடையாது, ஒவ்வொரு அணுக்கருவுக்கும் ஒரு தனிக் குணம். ஹைட்ரஜன் பலமாகச் சிதறடிக்கும், அலுமினியம் கண்டுகொள்ளாது. 5 சென்டிமீட்டர் ஈயத்தைத் தாண்டி வரும் வெப்ப நியூட்ரான்களும் 5 மில்லிமீட்டர் தண்ணீரைத் தாண்டி வருபவையும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆகவே உலோக உறைக்குள் இருக்கும் எண்ணெய், ரப்பர் வளையம், வெடிமருந்து, எரிபொருள் கலத்துக்குள் தேங்கும் நீர், மண்ணுக்குள் இருக்கும் வேர் எல்லாம் நியூட்ரான் படத்தில் பளிச்சென்று தெரியும்.

நமக்கு இதற்குத் தூரம் போகவேண்டியதில்லை. கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கும் காமினி உலை வெறும் 30 கிலோவாட்தான், யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்டது, அதன் முக்கிய வேலைகளில் ஒன்றே நியூட்ரான் படமெடுப்பு. வேக ஈனுலையில் எரிந்து முடிந்த எரிபொருள் கம்பிகளையும், இஸ்ரோ ராக்கெட்டுகளில் பகுதிகளைப் பிரிக்கப் பயன்படும் சிறு வெடிக்கருவிகளையும் அங்கே சோதிக்கிறார்கள். வெடிக்கருவி விஷயத்தில் வேறு வழியும் பெரிதாக இல்லை. உலோகக் கூட்டுக்குள் மருந்து முழுசாக நிரம்பியிருக்கிறதா என்று திறந்து பார்க்க முடியாது.

## நியூட்ரானை மின்னூட்டமாக மாற்றுவது

நியூட்ரானை விழுங்கிவிட்டு மின்னூட்டமுள்ள துகளைத் துப்பும் அணுக்கரு ஒன்று வேண்டும். வெப்ப நியூட்ரானை நன்றாக விழுங்கக்கூடியவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். எவ்வளவு நன்றாக விழுங்கும் என்பதை அளக்கும் அலகு பார்ன். அணுக்கரு நியூட்ரானுக்கு எத்தனை பெரிய இலக்காகத் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

1. ஹீலியம்-3. 5330 பார்ன். விழுங்கியதும் ஒரு புரோட்டானும் ஒரு டிரைட்டானும் (ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த கன ஹைட்ரஜன் அணுக்கரு) வெளிவரும், இரண்டுக்கும் சேர்த்து 7.6 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட். பல ஆண்டுகளாக இதுதான் ராஜா. வாயுவாக இருப்பதால் குழாயில் அடைத்து வைக்கலாம், நியூட்ரானோடு கூடவே வரும் காமா கதிரைக் கிட்டத்தட்ட கவனிக்கவே கவனிக்காது.

2. லித்தியம்-6. 940 பார்ன்தான், ஆனால் வெளிவரும் ஆற்றல் 47.8 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட், அதில் 27.3 லட்சம் டிரைட்டானுக்கு, 20.5 லட்சம் ஆல்ஃபாவுக்கு, அதாவது ஹீலியம் அணுக்கருவுக்கு. உள்ளே வந்த நியூட்ரானின் ஆற்றலைப் போல ஏறக்குறைய 19 கோடி மடங்கு. சிண்டிலேட்டர்காரர்கள் இதை விரும்புவதற்கு இந்த எண் ஒன்றே போதும். இயற்கை லித்தியத்தில் இது 7.5 சதவீதம்தான், செறிவூட்ட வேண்டும். அணு ஆயுதத் தொடர்பு இருப்பதால் கடைச்சரக்காகவும் கிடைக்காது.

3. போரான்-10. 3840 பார்ன். ஆல்ஃபாவும் லித்தியம்-7-ம் வெளிவரும். ஆற்றல் லித்தியம்-6 தருவதில் பாதிக்கும் குறைவு.

4. கடோலினியம். 157 என்ற ஐசோடோப்பு மட்டும் 2,54,000 பார்ன், இந்தப் பட்டியலில் யாரும் கிட்டவே வர முடியாது. ஆனால் வெளிவருவது காமா கதிர்களும் குறைந்த ஆற்றல் எலெக்ட்ரான்களும்தான், ஆகவே ஒரு நியூட்ரானுக்குக் கிடைக்கும் ஒளி சொற்பம்.

ஹீலியம்-3 ராஜாவாகவே இருந்திருக்கும், சரக்கு தீராமல் இருந்திருந்தால். அது பூமியில் தோண்டி எடுக்கும் பொருள் இல்லை. அணு ஆயுதங்களுக்காகச் சேர்த்து வைத்த டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் 12.3 ஆண்டு அரை ஆயுளில் சிதையும்போது கிடைக்கும் உபபொருள். பனிப்போர் முடிந்ததும் டிரிட்டியம் உற்பத்தி குறைந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா தன் துறைமுகங்களிலும் எல்லைகளிலும் வைத்த கதிரியக்கச் சோதனை வாயில்களுக்கு ஹீலியம்-3 குழாய்கள் ஏராளமாகப் போயின. 2008, 2009 வாக்கில் கையிருப்பு கரைந்து விலை தாறுமாறாக ஏறியது. மாற்று தேடும் வேலை சூடு பிடித்தது அப்போதுதான்.

## திரையின் பேரம்

துகள் பட்டால் ஒளிரும் பொருள்தான் சிண்டிலேட்டர். நியூட்ரானுக்காக அதிகம் புழங்குவது மூன்று.

முதலாவது, லித்தியம்-6 ஃபுளோரைடு தூளையும் வெள்ளி கலந்த துத்தநாக சல்ஃபைடு தூளையும் பசையில் குழைத்துத் தகட்டில் பூசிய வெள்ளைத் திரை. பார்க்கச் சுண்ணாம்பு அடித்த அட்டை போல இருக்கும், ஆனால் ஒரு நியூட்ரானுக்கு ஏறக்குறைய 1,60,000 ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) தரும், 450 நானோமீட்டர் அருகே நீல நிறத்தில். கெட்ட குணம் இரண்டு. தன் ஒளியைத் தானே சிதறடித்து மறைக்கும், அதனால் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக்கிப் பயனில்லை. அப்புறம், ஒளி சட்டென்று அணையாது. முதல் பகுதி சில நூறு நானோ நொடியில் முடிந்தாலும் மிச்சம் 80, 100 மைக்ரோ நொடி வரை இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது, சீரியம் கலந்த லித்தியக் கண்ணாடி, ஜிஎஸ்20 என்ற பெயரில் கிடைப்பது. தெளிவாக இருக்கும், 50 முதல் 70 நானோ நொடியில் அணைந்துவிடும், 1 மில்லிமீட்டர் தடிமனே வெப்ப நியூட்ரான்களில் முக்கால்வாசியைப் பிடித்துவிடும். ஆனால் ஒரு நியூட்ரானுக்கு 6000 ஃபோட்டான்தான், காமா கதிருக்கும் ஒளிரும்.

மூன்றாவது, டெர்பியம் கலந்த கடோலினியம் ஆக்சிசல்ஃபைடு, சுருக்கமாகக் கடாக்ஸ். 20 மைக்ரோமீட்டர் தடிமனே பாதிக்கு மேல் நியூட்ரான்களைப் பிடிக்கும், திரை அவ்வளவு மெல்லியது என்பதால் படம் மிகக் கூர்மை. அணைய ஒரு மில்லி நொடிக்குப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளும், ஒளியும் மங்கல்.

இப்போது பேரம் புரியும். முதல் வகையை எடுத்துக்கொள்வோம். 0.1 மில்லிமீட்டர் தடிமனில் பூசினால் வரும் நியூட்ரான்களில் பத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும், மிச்சமெல்லாம் தாண்டிப் போய்விடும். 0.5 மில்லிமீட்டர் ஆக்கினால் மூன்றில் ஒன்றுக்கு மேல் பிடிக்கும், ஆனால் திரைக்குள் எழும் ஒளி வெளியே வருவதற்குள் ஏறத்தாழ திரையின் தடிமன் அளவுக்கே பரவிவிடும், ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் மங்கல் திட்டாகத் தெரியும். கூர்மை வேண்டுமா, நியூட்ரானை இழ. நியூட்ரான் வேண்டுமா, கூர்மையை இழ. பல பத்தாண்டுகளாக இந்தத் துறையில் திரை வாங்குவது என்றாலே இந்தப் பேரத்தில் எங்கே நிற்கப்போகிறோம் என்று முடிவு செய்வதுதான்.

## லென்ஸுக்குள் வந்து சேர்வது எத்தனை?

1,60,000 என்பதைக் கேட்டு மயங்க வேண்டாம். கேமராவைத் திரைக்குப் பின்னால் நேராக வைத்தால் தாண்டி வரும் நியூட்ரானும் காமாவும் அதைக் கெடுத்துவிடும். அதனால் 45 டிகிரியில் ஒரு கண்ணாடி வைத்து ஒளியை மட்டும் திருப்பி, கற்றைக்கு வெளியே கேமராவை வைப்பார்கள். 40 சென்டிமீட்டர் தூரத்தில் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், எல்லாத் திசையிலும் போகும் ஒளியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் அதற்குள் போகும். 160 ஃபோட்டான். உணரும் பரப்பு அதில் நாலில் ஒன்றையோ ஐந்தில் ஒன்றையோதான் எலெக்ட்ரானாக மாற்றும். தாராளமாகப் பார்த்தால் 30. திரையின் ஆழத்தில் நடந்தால் அதிலும் குறைவு. இதே கணக்கை லித்தியக் கண்ணாடிக்குப் போட்டால் ஒரு நியூட்ரானுக்கு ஒரே ஒரு ஃபோட்டான் மிஞ்சும். ஆக, "வேகமாக அணையும் கண்ணாடி இருக்கும்போது மெதுவாக அணையும் துத்தநாக சல்ஃபைடு எதற்கு" என்ற கேள்விக்கு லென்ஸே பதில் சொல்லிவிடுகிறது.

## பழைய வழி: கூட்டிச் சேர்த்தல்

1930களில் பெர்லினில் ஹார்ட்மட் கால்மனும் எர்ன்ஸ்ட் கூனும் நியூட்ரான் படங்களைத் தொடங்கியபோது கையில் இருந்தது ஃபிலிம். (1947-ல் நாஃப்தலீனையும் ஒளிப்பெருக்கிக் குழாயையும் சேர்த்து நவீன சிண்டிலேஷன் எண்ணிக்கு வழி போட்டதும் இதே கால்மன்தான்.) ஃபிலிமுக்குப் பிறகு குளிரூட்டிய சிசிடி, அதன் பிறகு சிமாஸ் என்று இருவகை டிஜிட்டல் கேமரா. மூன்றிலும் தத்துவம் ஒன்றே: சில நொடிகளோ நிமிடங்களோ திறந்து வைத்து, விழும் ஒளியை எல்லாம் கூட்டி, கடைசியில் ஒரே படமாக எடுப்பது.

கூட்டிவிட்டால் பிரிக்க முடியாது. ஒரு பிக்சலில் இருக்கும் எண் எத்தனை நியூட்ரானால் வந்தது, அதில் காமா எவ்வளவு, கேமராவின் சொந்த இரைச்சல் எவ்வளவு, எது முதலில் வந்தது, எதுவுமே தெரியாது. நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கும் கேமராவைப் போட்டாலும் ஒரு படத்துக்கு ஒரு மில்லி நொடி, அதற்குள் நடந்ததெல்லாம் கூட்டுத்தொகை. படம் எடுக்கும் வேகத்தை ஏற்றுவது இதற்கு மருந்தே இல்லை.

## புது வழி: படமே எடுக்காத கேமரா

ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னை மையமாகக் கொண்ட மெடிபிக்ஸ் கூட்டமைப்பு 2013 வாக்கில் வெளியிட்ட டைம்பிக்ஸ்3 சில்லு இங்கேதான் வருகிறது. 256-க்கு 256 பிக்சல், ஒவ்வொன்றும் 55 மைக்ரோமீட்டர். இன்றைய கைபேசிக் கேமராவோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும் எண்ணிக்கை. ஆனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் சொந்தமாக ஒரு கடிகாரம் உண்டு, 1.56 நானோ நொடிப் படிகளில் ஓடுவது. ஒரு பிக்சலில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சமிக்ஞை வந்தால் அந்தப் பிக்சல் மட்டும் உடனே ஒரு வரி அனுப்பும்: நான் இன்ன இடம், இன்ன நேரம், இவ்வளவு பலம். ஒன்றும் வராத பிக்சல் வாயே திறக்காது. வழக்கமான கேமரா கும்பலாக நிறுத்தி எடுத்த குரூப் போட்டோ என்றால், இது வருகைப் பதிவேடு.

இந்தச் சில்லின் மேல் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உணரும் சிலிக்கான் தகட்டை ஒட்டி டிபிஎக்ஸ்3கேம் என்ற கேமராவை உருவாக்கினார்கள். தனி ஃபோட்டான் ஒன்றை இந்தச் சில்லால் நேராக உணர முடியாது, ஒரு பிக்சலில் ஆயிரம் ஃபோட்டான் அளவில் ஒரே சமயத்தில் விழ வேண்டும். அதனால் முன்னால் ஒரு ஒளிப்பெருக்கியை வைப்பார்கள். உள்ளே வரும் ஒரு ஃபோட்டான் எலெக்ட்ரானாகி, நுண்துளைத் தட்டில் லட்சக்கணக்கில் பெருகி, மறுபக்கம் இருக்கும், எலெக்ட்ரான் பட்டதும் சட்டென்று ஒளிரும் பாஸ்பர் திரையில் பளிச்சென்று ஒரு புள்ளியாக விழும். மியூனிக் அருகே இருக்கும் எஃப்ஆர்எம்-2 உலையைச் சேர்ந்த ஏட்ரியன் லோஸ்கோவும் சகாக்களும், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகக் குழுவும், 2021-ல் இந்த வகை ஏற்பாட்டில் வெப்ப நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து காட்டிய ஆய்வுகளை வெளியிட்டார்கள்.

## ஒரே ஒரு நியூட்ரானை அருகில் வைத்துப் பார்த்தால்

10 சென்டிமீட்டர் திரை முழுவதும் சில்லில் விழுமாறு லென்ஸை அமைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் திரையில் 0.39 மில்லிமீட்டரைப் பார்க்கிறது.

நேரம் பூஜ்யத்தில் ஒரு லித்தியம்-6 அணுக்கரு நியூட்ரானை விழுங்குகிறது. டிரைட்டான் ஒரு பக்கமும் ஆல்ஃபா எதிர்ப்பக்கமும் தெறித்து, சில பத்து மைக்ரோமீட்டருக்குள் நின்றுவிடுகின்றன. அந்தப் பாதையில் இருந்த துத்தநாக சல்ஃபைடு மணிகள் ஒளிரத் தொடங்குகின்றன. 90 நானோ நொடியில் முதல் ஃபோட்டான் ஒளிப்பெருக்கியைத் தட்டுகிறது, சில்லில் எட்டு பிக்சல் ஒரு கொத்தாக எரிகிறது. 140-ல் இன்னொன்று, கொஞ்சம் இடப்பக்கம். 210-ல் ஒன்று, 230-ல் ஒன்று, இரண்டும் வேறு வேறு இடம். முதல் இரண்டு மூன்று மைக்ரோ நொடியில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு நெருக்கமாக வருகின்றன, பிறகு தளர்ந்து தளர்ந்து, 30 மைக்ரோ நொடியில் ஒன்று, 52-ல் ஒன்று என்று இழுக்கிறது. (நேரங்கள் மாதிரிக்குத்தான், ஒவ்வொரு நியூட்ரானும் வேறு மாதிரி வரும்.) மொத்தம் 30 ஃபோட்டான், ஏறக்குறைய 240 வரி.

இதிலிருந்து நியூட்ரானை மீட்பது இப்படி:

1. இடத்திலும் நேரத்திலும் ஒட்டியிருக்கும் பிக்சல் வரிகளை ஒரு கொத்தாகக் கட்டு. ஒரு கொத்து, ஒரு ஃபோட்டான். கொத்தின் எடை மையம்தான் அதன் இடம். அதனால் பிக்சலைவிட நுணுக்கமாகவே இடம் கிடைக்கும். பலவீனமான சமிக்ஞை கொஞ்சம் தாமதமாகத் தெரியும் என்பதால் பலத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்து.

2. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள், சில பத்து மைக்ரோ நொடிகளுக்குள் விழுந்த ஃபோட்டான்களை ஒரு குடும்பமாகச் சேர். ஒரு குடும்பம், ஒரு நியூட்ரான்.

3. குடும்பத்தின் முதல் ஃபோட்டான் வந்த நேரம்தான் நியூட்ரானின் நேரம். எல்லா ஃபோட்டான்களின் சராசரி இடம்தான் நியூட்ரானின் இடம்.

4. குடும்பத்தில் ஆள் குறைவாக இருந்தால் தூக்கிப் போடு.

மூன்றாவது படியை இன்னொரு முறை பாருங்கள், பேரம் உடைவது அங்கேதான். தனித்தனி ஃபோட்டான்கள் அரை மில்லிமீட்டர் பரவிக்கிடந்தாலும், 30-ன் சராசரி எடுத்தால் பிழை 30-ன் வர்க்கமூலத்தால், அதாவது ஐந்தரையால் குறையும். அரை மில்லிமீட்டர் மங்கல் திட்டு 0.1 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தடிமனான திரையின் பிடிக்கும் திறனும் மெல்லிய திரைக்குப் பக்கத்தில் வரும் கூர்மையும் ஒரே திரையில். அதேபோல, 80 மைக்ரோ நொடி இழுக்கும் ஒளியை வைத்துக்கொண்டே நேரத்தை ஒரு மைக்ரோ நொடிக்குள் சொல்கிறோம், ஏனென்றால் நமக்குத் தேவை தொடக்கம், முடிவு அல்ல. முன்பு திரையில் பூசும்போதே முடிந்துபோன விஷயம் இப்போது கணிப்பொறிக்குப் போய்விட்டது. பதிவு கையில் இருந்தால் விதிகளை மாற்றிப் போட்டு மறுபடியும் கணக்கிடலாம்.

## நேரம் தெரிந்தால் என்ன கிடைக்கும்?

நிறைய. எனக்கு இதுதான் மொத்தக் கதையிலும் பெரிய லாபமாகத் தெரிகிறது.

இங்கிலாந்தின் ஐசிஸ், ஜப்பானின் ஜே-பார்க், அமெரிக்காவின் எஸ்என்எஸ், சீனாவின் சிஎஸ்என்எஸ் போன்ற நியூட்ரான் ஆய்வு மையங்களில் நியூட்ரான் தொடர்ச்சியாக வராது. புரோட்டான் கற்றை கன உலோகத்தில் மோதும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பாகக் கிளம்பும். எல்லா நியூட்ரானும் ஒரே நேரத்தில் புறப்பட்டதால், எது எப்போது வந்து சேர்ந்தது என்பதிலிருந்து வேகம், வேகத்திலிருந்து அலைநீளம். ஐசிஸின் ஐமேட் நிலையத்தில் ஓடுபாதை 56 மீட்டர், துடிப்பு நொடிக்குப் பத்து. 1.8 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான் 25 மில்லி நொடியில் வந்துவிடும், 4 ஆங்ஸ்ட்ராம் ஆசாமி 57 மில்லி நொடி எடுப்பார்.

இரும்பில் ஓர் அணு அடுக்கின் இடைவெளி 2.03 ஆங்ஸ்ட்ராம். அதன் இரு மடங்கு, 4.05 ஆங்ஸ்ட்ராம் வரை அந்த அடுக்கு நியூட்ரானைச் சிதறடிக்கும். அதைத் தாண்டினால் சிதறடிக்க முடியாது, கடந்து வரும் நியூட்ரான் எண்ணிக்கை சட்டென்று எகிறும். இதுதான் பிராக் விளிம்பு. பற்றவைத்த எஃகுத் தகட்டில் ஓர் இடம் இழுபட்டிருந்தால் அடுக்கு இடைவெளி துளி கூடும், விளிம்பும் துளி நகரும். பத்தாயிரத்தில் ஒரு பங்குத் திரிபு என்றால், எஃகில் அது 20 மெகாபாஸ்கல் தகைவு (உலோகத்துக்குள் நிற்கும் இழுப்பு), விளிம்பு நகர்வது 57 மில்லி நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு: 5.7 மைக்ரோ நொடி. ஒரு மில்லி நொடிக் கேமராவால் இதைக் கனவில்கூடப் பார்க்க முடியாது. (துடிப்புக்கே பல மைக்ரோ நொடி அகலம் இருப்பதால் விளிம்பு செங்குத்தாக இருக்காது, வளைகோடு பொருத்தித்தான் அதன் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள்.) உலோகத்தை அறுக்காமல், உள்ளே எங்கே எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று வரைபடமே போட்டுவிடலாம்.

இரண்டாவது லாபம் காமா. ஆல்ஃபா, டிரைட்டான் போன்ற கனமான துகள் பட்டால் துத்தநாக சல்ஃபைடு நீண்ட நேரம் ஒளிரும், காமா கிளப்பிவிடும் எலெக்ட்ரான் பட்டால் சின்னதாக மினுக்கிவிட்டு அடங்கிவிடும். பதிவேட்டில் இரண்டும் வேறு வேறு ஆட்களாகத் தெரியும். காமா நேராகக் கேமராச் சில்லில் பட்டாலும் தனியாக ஒரு கொத்து விழுமே தவிரக் குடும்பம் சேராது, நாலாவது படியில் கழிந்துவிடும். பழைய சிசிடி படங்களில் உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் விழுந்து, அதை நீக்க வடிகட்டி போட்டு, வடிகட்டியால் படமும் கொஞ்சம் மங்கிப்போன காலம் உண்டு.

இதற்குப் போட்டி இல்லாமல் இல்லை. போரானோ கடோலினியமோ கலந்த நுண்துளைத் தட்டை நேராக டைம்பிக்ஸ் சில்லுகளின் மேல் வைக்கும் முறையைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன்டன் டிரெம்சின் நெடுநாளாக வளர்த்து வருகிறார். லென்ஸும் இல்லை, திரையும் இல்லை, கூர்மை 55 மைக்ரோமீட்டர். ஆனால் நான்கு சில்லுகளைச் சேர்த்தாலும் பார்க்கும் பரப்பு 28 மில்லிமீட்டர் சதுரம்தான். திரை முறையில் பெரிய பொருள் வந்தால் லென்ஸை மாற்றினால் போச்சு.

## எங்கே இடிக்கிறது?

எண்ணிக்கையில். டைம்பிக்ஸ்3 நொடிக்கு ஏறக்குறைய 8 கோடி வரிகளைத்தான் அனுப்பும். ஒரு நியூட்ரானுக்கு 240 வரி என்றால் நொடிக்கு மூன்று லட்சம் சொச்சம் நியூட்ரான். ஒரு நல்ல உலையின் படமெடுப்புக் கற்றையில் சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு ஒரு கோடி நியூட்ரான் வருவது சாதாரணம். 10 சென்டிமீட்டர் சதுரத் திரைக்கு 100 கோடி, அதில் மூன்றில் ஒன்றைத் திரை பிடித்தாலும் 33 கோடி. ஆயிரம் மடங்கு இடைவெளி. எனவே உலையில் சும்மா ஒரு வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பழைய கூட்டிச் சேர்க்கும் கேமராதான் இன்றும் புத்திசாலித்தனம், அதை மூட்டை கட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பதிவேட்டு முறைக்குக் கற்றையைக் குறுக்குவார்கள், ஒரு ஃபோட்டான் எட்டுக்குப் பதில் மூன்று நான்கு பிக்சலிலேயே அடங்குமாறு பெருக்கத்தைக் குறைப்பார்கள். தரவும் கொஞ்சநஞ்சம் இல்லை. வரிக்கு 8 பைட், நொடிக்கு 1 கோடி வரி என்று மிதமாக ஓட்டினாலே மணிக்கு 288 ஜிகாபைட்.

அடுத்த சில்லு டைம்பிக்ஸ்4 வந்துவிட்டது. 448-க்கு 512 பிக்சல், கடிகாரத்தின் ஒரு படி 195 பைக்கோ நொடி, நொடிக்கு ஏறக்குறைய 250 கோடி வரி. அதே 240-ஆல் வகுத்தால் நொடிக்கு ஒரு கோடி நியூட்ரான். அப்படியானால் பிரச்சினை முடிந்ததா என்றால், இல்லை, அது திரும்பத் திரைக்கே போகிறது. ஒவ்வொரு நியூட்ரானும் 80 மைக்ரோ நொடி மினுங்கிக்கொண்டிருந்தால், நொடிக்கு ஒரு கோடி என்ற வேகத்தில் எந்தக் கணத்திலும் 800 மினுக்குகள் ஒரே நேரத்தில் திரையில் உயிரோடு இருக்கும். ஒரு குடும்பத்தைப் பிரித்தறிய 2 மில்லிமீட்டர் இடம் வேண்டும் என்றால் 10 சென்டிமீட்டர் திரையில் 2500 கட்டம்தான் உண்டு. மூன்றில் ஒரு கட்டம் எப்போதும் ஆக்கிரமிப்பில். பழைய நியூட்ரானின் வால் ஃபோட்டான் புதிதாக வந்தவரின் கணக்கில் சேரும், சில வால்கள் தாமே தனி நியூட்ரான் என்று வேஷம் போடும். சில்லின் வேகம் ஏற ஏற, துத்தநாக சல்ஃபைடு அளவுக்கு ஒளி தந்து, அதே சமயம் ஒரு மைக்ரோ நொடிக்குள் வாலை மடக்கிக்கொள்ளும் லித்தியப் பொருள் ஒன்று தேவைப்படுகிறது. சீசியம், லித்தியம், யிட்ரியம், குளோரின் சேர்ந்த படிகம் ஒன்று நியூட்ரானுக்கு 70,000 ஃபோட்டான் வரை தருகிறது, ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே கெட்டுப்போகும். பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு மெல்லிய திரையாக அதைச் செய்வது இன்னும் சுலபமான வேலை இல்லை.